ஹெல்ஸ் கேன்யனில் வசந்தகாலக் கரடி வேட்டை: முழுமையான வழிகாட்டி

ஹெல்ஸ் கேன்யனின் விளிம்பில் நின்று கீழே பார்த்தால் புல்தான் தெரியும். ஒன்றன்கீழ் ஒன்றாகப் பச்சைத் திட்டுகள், அடியில் நூல்போல ஸ்னேக் ஆறு. இறங்கிப் போய் ஆற்றங்கரையில் நின்று மேலே பார்த்தால் புல்லைக் காணோம், கரும்பாறைச் சுவர்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. இரண்டும் ஒரே மலைதான். சுமார் 1.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு பல தடவை பாய்ந்து உறைந்த பசால்ட் பாறை அது. ஒவ்வொரு பாய்ச்சலும் ஒரு சுவராகிவிட்டது, இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு புல் திட்டு. மேலே நிற்பவர் கண்ணுக்குச் சுவர் மறைந்திருக்கும், கீழே நிற்பவர் கண்ணுக்குத் திட்டு மறைந்திருக்கும். இது மனதில் பதியாமல் அங்கே கரடி தேடிப் போகக் கூடாது.

ஐடஹோவுக்கும் ஓரிகனுக்கும் எல்லையாக ஓடும் இந்தப் பள்ளத்தாக்கை வட அமெரிக்காவின் மிக ஆழமான ஆற்றுப் பள்ளத்தாக்கு என்று அமெரிக்க வனத்துறை குறிப்பிடுகிறது. செவன் டெவில்ஸ் மலைத்தொடரில் 9,393 அடி உயரமுள்ள ஹீ டெவில் சிகரத்திலிருந்து ஆற்றுமட்டம் வரை 7,993 அடி. 1975-இல் இதைத் தேசிய பொழுதுபோக்குப் பகுதியாக அறிவித்தார்கள். உள்ளே பெரும்பகுதியில் சாலை கிடையாது.

இந்த வழிகாட்டி அங்கே வசந்தகாலத்தில் கருங்கரடி தேடிப் போகிறவர்களுக்கு. நாய்களை விடாமல், இரை வைக்காமல், தொலைநோக்கியால் தேடிக் கண்டுபிடித்து நடந்து நெருங்கும் முறையைத்தான் சொல்கிறேன். எனக்குத் தெரிந்ததும் பிடித்ததும் அதுதான். சுடுவதைப் பற்றி இதில் கொஞ்சமாகவும், இறங்கி ஏறுவதைப் பற்றி நிறையவும் இருக்கும். அந்த மலையில் வேலையே அப்படித்தான் பிரிகிறது.

முதல் படி: சட்டமும் காகிதமும்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கரடி வேட்டை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இங்கே எழுதியிருப்பது ஐடஹோவுக்கும் ஓரிகனுக்கும் மட்டும். அங்கே இது அரசு உரிமம் கொடுத்து, காலம் குறித்து, கொன்ற ஒவ்வொரு கரடியையும் கணக்கெடுத்து நடத்தும் வேட்டை.

ஐடஹோவில் 1975 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைக்காரர் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும், அல்லது முன்பே உரிமம் வாங்கியிருக்க வேண்டும். வேட்டை உரிமம் தனி, கரடிக்கான டேக் (சுட்ட கரடியோடு கட்ட வேண்டிய அனுமதிச் சீட்டு) தனி. மாநிலத்தை யூனிட்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தேதியும் விதியும் வேறு, அதனால் அந்த வருடத்துக்கான விதிப் புத்தகத்தை மட்டும் நம்புங்கள். போன வருடம் போய் வந்த நண்பரின் ஞாபகம் போதாது. ஓரிகன் பக்கம் வசந்தகாலக் கரடி வேட்டை குலுக்கல் முறையில்தான். பிப்ரவரி 10-க்குள் விண்ணப்பிக்க வேண்டும். நாய்களை விட்டுத் துரத்துவதையும் இரை வைப்பதையும் ஓரிகன் மக்கள் 1994-இல் வாக்களித்துத் தடை செய்துவிட்டார்கள். ஐடஹோவில் பல இடங்களில் இரண்டும் செல்லும், அவற்றுக்கும் தனி அனுமதி வாங்க வேண்டும்.

மாநில எல்லை ஆற்றின் வழியாகப் போகிறது என்று சொன்னேன். நடைமுறையில் இதற்கு என்ன பொருள் தெரியுமா? நீங்கள் ஐடஹோ கரையில் உட்கார்ந்து எதிர்க்கரையில் மிக அழகான ஒரு கரடியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அது ஓரிகன் கரடி. உங்கள் டேக் அதற்குச் செல்லாது.

நேரமும் குழப்பும். சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்பிலிருந்து மறைந்து அரை மணி வரைதான் சுடலாம். ஆனால் ரிகின்ஸ் ஊருக்குச் சற்று வடக்கே சால்மன் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும், மவுண்டன் நேரம் முடிந்து பசிபிக் நேரம் தொடங்குகிறது. போனில் சிக்னல் இல்லாத இடத்தில் எந்த நேரம் காட்டுகிறது என்று முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்களுக்கு இன்னொரு முக்கியமான செய்தி. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதையே அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கு ஒரு விதிவிலக்கு. அதனால் நண்பரின் துப்பாக்கியைச் சுடுதளத்தில் வாங்கிப் பார்ப்பதற்கு முன்பே உரிமத்தை எடுத்துவிடுங்கள், சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரைக் கேளுங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. அப்புறம், காட்டுயிர்களை நாடுவிட்டு நாடு கொண்டுபோவதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் கருங்கரடி இருக்கிறது. தோலையோ நகத்தையோ ஊருக்குப் போகும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு போகலாம் என்று நினைக்கவே வேண்டாம்.

இரண்டாம் படி: எந்த மாதம், எந்த உயரம்

கரடி குளிர்கால உறக்கம் கலைந்து வெளியே வரும்போது அதற்கு முதலில் வேண்டியது புல். பலருக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் கரடி மாடு மாதிரி மேயும். முளைவிட்ட புல், மஞ்சள் பூப் பூக்கும் பால்சம்ரூட் செடியின் இளந்தளிர், ஈர மண்ணில் தோண்டி எடுக்கும் கிழங்கு, இவைதான் சாப்பாடு.

பசுமை பள்ளத்தாக்கின் அடியில் தொடங்கி, பனி உருக உருக மேலே ஏறும். ஏப்ரல் நடுவில் ஆற்றுக்கு மேலே முதல் சில நூறு அடிகளில் பச்சை இருக்கும், மேலே செவன் டெவில்ஸில் இன்னும் ஆளுயரப் பனி கிடக்கும். மே கடைசியில் அடிப்பகுதிப் புல் பழுக்கத் தொடங்கிவிடும், கரடி பனி உருகும் எல்லையை ஒட்டி மேலே போயிருக்கும். உயரத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் பாதி வேட்டை. வரைபடத்தில் தேதியையும் உயரத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த வருடம் அந்தக் குறிப்பு தங்கத்துக்குச் சமம்.

ஆண் கரடிகள் முதலில் வெளியே வரும். அந்த வருடம் குட்டி ஈன்ற தாய்கள் கடைசியாக வரும். இணைசேரும் காலம் மே நடுவில் தொடங்கி ஜூலை ஆரம்பம் வரை நீளும். அப்போது பெரிய ஆண்கள் பெண்ணைத் தேடிப் பகலிலும் மைல்கணக்கில் நடக்கும். எனக்கு மே இரண்டாம் வாரத்துக்கு மேல்தான் பிடிக்கும். பகல் நீளம், பசுமை எந்த உயரத்தில் என்று தெளிவாகியிருக்கும், முதிர்ந்த ஆண்கள் வெளிப்படையாக உலவும். கூடவே வெயிலும் பாம்பும் உண்ணியும் வரும், அதைத் தவிர்க்க வழியில்லை.

மூன்றாம் படி: உள்ளே போகும் வழியும் நிலத்தைப் படிப்பதும்

ஐடஹோ பக்கம் ஆற்றுமட்டத்துக்குக் காரில் இறங்க எனக்குப் பிடித்த வழி வைட் பேர்ட் ஊரிலிருந்து பிட்ஸ்பர்க் லேண்டிங். சுமார் 17 மைல், செங்குத்தான சரளைச் சாலை. மழை பெய்தால் சேறு. அங்கிருந்து ஆற்றோரமாக நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் நடைபாதை போகிறது. சுமார் 6 மைலில் கிர்க்வுட் என்ற பழைய பண்ணை வரும், 1930-களில் அங்கே ஆடு மேய்த்து வாழ்ந்த லென் ஜோர்டன் பின்னாளில் ஐடஹோ ஆளுநராகவும் செனட்டராகவும் ஆனார். இன்னொரு வழி லூயிஸ்டன் பக்கமிருந்து ஜெட் படகில் வந்து ஒரு மணல் கரையில் இறங்கிக்கொள்வது. வசதியானது, ஆனால் படகு திரும்பி வரும் நாள்வரை நீங்கள் அந்தக் கரையின் கைதி.

முகாமை நீர்மட்டத்தை விட்டு நன்றாக மேலே போடுங்கள். மேலே ஹெல்ஸ் கேன்யன் அணை இருக்கிறது, 1967-இல் கட்டி முடித்தது. மின் உற்பத்திக்கு ஏற்ப தண்ணீரைத் திறப்பார்கள், குறைப்பார்கள். மழையே இல்லாமல் இரவில் ஆறு ஏறும். மாலையில் மணலில் இழுத்துப் போட்ட படகு காலையில் மிதந்து போயிருக்கலாம், அல்லது தண்ணீர் வற்றிப் பாறைமேல் உட்கார்ந்திருக்கலாம்.

அந்த ஆற்றைக் கால்நடையாகவோ நீந்தியோ கடக்க நினைக்காதீர்கள். 1877 மே மாதக் கடைசியில், பூர்வகுடிகளான நெஸ் பெர்ஸ் மக்களை அமெரிக்க ராணுவம் கெடு வைத்து வெளியேறச் சொன்னபோது, தலைவர் ஜோசப்பின் கூட்டம் டக் பார் என்ற இடத்தில் வெள்ளப்பெருக்கில் இதே ஆற்றைக் கடந்தது. கிழவர்களும் குழந்தைகளும் தோல் படகில், குதிரைகளும் மாடுகளும் நீந்தி. மனித உயிர் ஒன்றுகூடப் போகவில்லை, கால்நடைகள் நிறையப் போயின. தலைமுறை தலைமுறையாக அந்த ஆற்றை அறிந்தவர்கள் அவர்கள். டக் பார் பக்கம் போனால் கொஞ்ச நேரம் நின்று அந்தத் தண்ணீரைப் பாருங்கள்.

இனி நிலம். இதை நிதானமாகச் சொல்கிறேன், இங்கேதான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

வரைபடத்தில் சமஉயரக் கோடுகள் 40 அடிக்கு ஒன்று. அதாவது 30 அடி உயரமுள்ள நேர்ச்சுவர் ஒன்று இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ள முடியும், வரைபடம் அதைப் பற்றி வாயே திறக்காது. 30 அடி விழுந்தால் போதும். அதனால் வரைபடமோ செயலியோ காட்டும் சரிவை முழுதாக நம்ப வேண்டாம். நீங்கள் ஏறப் போகும் சரிவை எதிர்ப்பக்கத்திலிருந்து ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற தொலைநோக்கியில் பாருங்கள், சுவர்களை எண்ணுங்கள். ஒவ்வொரு சுவரிலும் எங்கே உடைப்பு இருக்கிறது, எங்கே கற்குவியல் சரிந்து படிக்கட்டு மாதிரி ஆகியிருக்கிறது என்று போட்டோ எடுத்து அதில் விரலால் கோடு போட்டு வையுங்கள். அந்தப் பக்கம் போய்விட்டால் அதே மலை அடையாளம் தெரியாது.

விலங்குத் தடங்கள் உதவும், எந்த விலங்கு என்று பார்க்க வேண்டும். எல்க் மான் பெரிய உடம்புக்காரி, கூட்டமாகப் போகும், அது நெடுநாள் நடந்து தேய்த்த தடம் பெரும்பாலும் சுவரில் இருக்கும் உடைப்புக்குக் கொண்டுபோய் விடும். பெரிய கொம்புக் காட்டுச் செம்மறி போன தடத்தை நம்பிப் பின்னால் போகாதீர்கள். அதன் குளம்பு வேறு, உங்கள் பூட்ஸ் வேறு.

ஏறுவது எளிது, இறங்குவது கடினம். கையையும் கண்ணையும் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு ஏறிவிடுவோம், திரும்பி வரும்போது கால் வைக்க வேண்டிய இடம் கண்ணுக்கே தெரியாது. திரும்பி இறங்க முடியாத எதிலும் ஏறாதீர்கள். புதிய வழியில் இறங்கி, நடுவில் சுவர் வந்து நின்றுவிட்டால், எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் வந்த வழியே மேலே ஏறுங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்து பார்க்கலாம் என்று தோன்றும். அப்படித் தோன்றுவது பெரும்பாலும் சாயங்காலம், தண்ணீர் தீர்ந்த பிறகு.

புல்லும் வழுக்கும். கொத்துக்கொத்தாக வளரும் அந்தப் புல்லின் போன வருடத் தாள்கள் கீழ்நோக்கிப் படுத்திருக்கும். அதில் பனியோ மழையோ பட்டால் எண்ணெய் தடவிய பாய் மாதிரி ஆகிவிடும். நடைக்கோல் இரண்டு, அழுத்தமான அடிப்பாகம் உள்ள மலைப் பூட்ஸ், ஈர நாளுக்குக் காலில் கட்டும் சிறு முள்சங்கிலி, இவற்றை நான் துப்பாக்கிக்கு அடுத்தபடியாக வைப்பேன்.

பாறை இடுக்கில் கை வைக்கும் முன் பாருங்கள், கிலுகிலுப்பைப் பாம்பு வெயில் காயும் இடம் அது. கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, கட்டுப் போடுவது எதுவும் வேண்டாம். ஆளை அசையாமல் உட்கார வைத்து, மோதிரம், கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, செயற்கைக்கோள் கருவியில் உதவி கேளுங்கள். ஓடையோரங்களில் மூன்று மூன்று இலையாகப் பாய்சன் ஐவி அடர்ந்திருக்கும், தோலில் பட்டால் வாரக்கணக்கில் கொப்புளம். உண்ணியை தினமும் இரவு துணியைக் கழற்றிப் பார்த்து எடுத்துவிட வேண்டும். ராக்கி மவுண்டன் ஸ்பாட்டட் ஃபீவர் என்ற கடும் காய்ச்சல் அதிலிருந்து வரும்.

நான்காம் படி: மூட்டை

10 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர், ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப், இரண்டையும் பூட்டக்கூடிய முக்காலி. முக்காலி இல்லாமல் வாங்கும் விலையுயர்ந்த கண்ணாடி பாதி வீண். துப்பாக்கி விஷயத்தில் பெரிய விவாதம் வேண்டாம்: 270, 308, 30-06, 7 மில்லிமீட்டர் ரெமிங்டன் மேக்னம் என்ற தோட்டா வகைகளில் எது உங்கள் கைக்குப் பழகியதோ அது. நல்ல தோட்டா, சாய்வுக் கோணத்தைக் கணக்கிடும் தூரமானி.

சிக்னல் கிடையாது என்பதால் இன்ரீச் மாதிரியான செயற்கைக்கோள் கருவி கட்டாயம். வீட்டில் இருப்பவரிடம் எந்த ஓடை, எந்த முகடு, எந்த நாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். ஹெட்லாம்ப் இரண்டு. இரண்டாவது எதற்கு என்று கேட்பவர்கள் இருட்டில் பேட்டரி மாற்றிப் பார்க்காதவர்கள். ஆற்றங்கரையில் மதியம் 30 டிகிரி அடிக்கும், அதே நாள் இரவு முகட்டில் உறைபனி விழும். அதனால் பகல் நடைக்கும் ஒரு கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் மூட்டையில் இருக்க வேண்டும். தண்ணீர் பக்க ஓடைகளில் வடிகட்டி எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஓடை கீழே, நீங்கள் மேலே. ஏறும்போதே மூன்று லிட்டர் சுமப்பது நல்லது. இறைச்சி கட்டத் துணிப்பை நான்கு, கூர்மையான கத்தி, 20 மீட்டர் கயிறு.

ஐந்தாம் படி: உட்கார்ந்து பார்ப்பது

வசந்தகாலக் கரடி வேட்டையில் நடப்பதைவிட உட்காருவதுதான் அதிகம். எதிர்ச் சரிவு முழுக்கத் தெரியும் ஓர் இடத்தில் பாறையில் முதுகைச் சாய்த்து, மாலை நான்கு மணியிலிருந்து இருட்டும் வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காலையிலும் வரும், ஆனால் எனக்குக் கிடைத்தவை பெரும்பாலும் மாலையின் கடைசி இரண்டு மணி நேரத்தில்.

வெயில் படும் தெற்கு முகச் சரிவுகளில் புல், நிழலான வடக்கு முகச் சரிவுகளில் டக்ளஸ் ஃபிர் காடு. கரடி காட்டில் படுத்து, புல்லில் மேயும். அதனால் இரண்டும் சந்திக்கும் ஓரங்களை முதலில் பாருங்கள். அடுத்து ஓடையின் தலைப்பகுதி, ஊற்றுக் கசிந்து சுற்றிலும் பச்சை இன்னும் கொஞ்சம் அடர்ந்து தெரியும் திட்டுகள். எரிந்த மரக்கட்டை நூறு முறை கரடியாகத் தெரியும். ஒரு தடவை பார்த்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடாதீர்கள், அரை மணி கழித்து அதே சரிவை மறுபடி பாருங்கள். மேய்ந்துகொண்டே ஒரு மடிப்புக்குள் போன கரடி இருபது நிமிடம் காணாமல் போய், பிறகு எதுவும் நடக்காத மாதிரி வந்து நிற்கும்.

நிறத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. கருங்கரடி என்று பெயர், ஆனால் இங்கே பழுப்பு, இலவங்கப் பட்டை நிறம், வெளுத்த மஞ்சள் என்று எல்லா நிறத்திலும் இருக்கிறது. ஐடஹோவில் வேறு பகுதிகளில் கிரிஸ்லி என்ற இன்னொரு வகைக் கரடி உண்டு. அலாஸ்காவும் ஹவாயும் தவிர்த்த 48 மாநிலங்களில் அது 1975 முதல் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. தோளில் திமில், குழிந்த முகம், சிறிய வட்டக் காது, நீண்ட, அதிகம் வளையாத முன்நகம் இருந்தால் அது கிரிஸ்லி. துப்பாக்கியைத் தொடாதீர்கள்.

பெரிய ஆண் எப்படித் தெரியும்? காதைப் பாருங்கள். தலை பெரிதாக இருந்தால் காது சின்னதாக, பக்கவாட்டில் தள்ளி வைத்த மாதிரி இருக்கும். வயிறு தரையை ஒட்டித் தொங்கும், முன்கால் தடிமனாக இருக்கும், நடை தோளை ஆட்டி ஆட்டி அவசரமில்லாமல் இருக்கும். காது பெரிதாக, நிமிர்ந்து, கால் நீண்டு தெரிந்தால் அது இளங்கரடி. விட்டுவிடுங்கள்.

குட்டியோடு இருக்கும் தாயைச் சுடுவது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் செய்யக் கூடாதது. சிக்கல் என்னவென்றால், தாய் மேயும்போது குட்டிகளை ஒரு மரத்தில் ஏற்றிவிட்டு வரும். ஜனவரி, பிப்ரவரியில் குகைக்குள் பிறந்த குட்டி மே மாதத்தில் ஒரு வீட்டுப் பூனையைவிடக் கொஞ்சம் பெரிசு, புல்லுக்குள் தெரியாது. அதனால் தனியாக மேயும் கரடி என்று நினைத்ததையும் குறைந்தது அரை மணி பாருங்கள். அடிக்கடி ஒரே திசையில் தலையைத் திருப்பிப் பார்க்கிறதா? மரத்தடியை விட்டு விலகாமல் சுற்றுகிறதா? அப்படியென்றால் அங்கே ஏதோ இருக்கிறது. அந்த அரை மணியில் கரடி போய்விட்டால் போகட்டும்.

ஆறாம் படி: காற்றும் நெருங்குதலும்

கரடியின் கண் நம் கண் மாதிரிதான், மோசம் என்று சொல்வது தவறு. ஆனால் மூக்குக்கு முன் நாம் ஒன்றுமே இல்லை. வெயில் படாதபோது குளிர்ந்த காற்று சரிவில் இறங்கும். காலையில் வெயில் பட்டுப் பாறை சூடானதும் காற்று மேலே ஏறும். மாலையில் நிழல் விழுந்ததும் மறுபடி இறங்கும். அதனால் பகலில் மேலிருந்து நெருங்குவதும், நிழல் விழுந்த பிறகு கீழிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ நெருங்குவதும் பொது விதி. இரண்டுக்கும் நடுவே, காற்று திசை மாறும் அரை மணி நேரம் ஆபத்தானது, சுழன்று சுழன்று அடிக்கும். அப்போது உட்கார்ந்துவிடுங்கள். பெரிய பள்ளத்தாக்கில் ஆற்றோரமாக வீசும் காற்று தனியாக ஒன்று உண்டு, பக்க ஓடை ஆற்றைச் சந்திக்கும் இடத்தில் இரண்டும் மோதும். சின்னப் புட்டியில் கொஞ்சம் மெல்லிய மாவு வைத்துக்கொண்டு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஊதிப் பாருங்கள்.

கிளம்பும் முன் கரடிக்குப் பக்கத்தில் மூன்று அடையாளம் மனப்பாடம் செய்யுங்கள்: தனி மரம், வெள்ளைப் பாறை, ஓடை வளைவு. கூட்டாளி இருந்தால் அவர் ஸ்கோப்போடு அங்கேயே இருக்கட்டும். மொண்டானா போன்ற சில மாநிலங்களில் ரேடியோவில் வழி சொல்லி வேட்டையாடுவது குற்றம். எங்கே போனாலும் கைச்சைகை பழகியிருப்பது நல்லது.

ஏழாம் படி: சுடுவதா, வேண்டாமா

என் இரண்டாவது வருடத்தில் நடந்தது. மாலை ஏழரை மணி, 250 கஜத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய ஆண். காற்று சரி, குட்டி இல்லை, துப்பாக்கி மூட்டைமேல் அசையாமல் இருந்தது. சுட்டேன். நல்ல சூடு. கரடி இரண்டு எட்டு வைத்து விழுந்து உருளத் தொடங்கியது. நான் பார்த்துக்கொண்டிருந்த புல் திட்டின் விளிம்பு வரை உருண்டு, அங்கே இல்லாமல் போனது. கல் உருளும் சத்தம் மட்டும் நெடுநேரம் கேட்டது. விளிம்புக்குப் போய்ப் பார்த்தால் கீழே சுவர், அதற்குக் கீழே இன்னொரு சுவர். இருட்டிவிட்டது. இரவு முழுக்க அந்தத் திட்டிலேயே குந்தியிருந்து, விடிந்ததும் சுற்றி இறங்கி அதைச் சேர மதியம் ஆகிவிட்டது. கொழுப்பும் ரோமமும் போர்வை மாதிரி மூடியிருந்ததால் இறைச்சி உள்ளே கெட்டுப் போயிருந்தது. தோலையும் மண்டை ஓட்டையும் மட்டும் சுமந்து வந்தேன். அந்த உயிருக்கு நான் செய்தது துரோகம்தான், வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து துப்பாக்கியை எடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேட்கிறேன். கரடி இப்போது நிற்கும் இடத்துக்கு என்னால் போக முடியுமா? உருண்டால் எங்கே போய் நிற்கும், அங்கே போக முடியுமா? இருட்டும் முன் இரண்டையும் முடிக்க நேரம் இருக்கிறதா? ஒன்றுக்கு இல்லை என்றாலும் சுடுவதில்லை. கரடிக்குக் கீழே நூறு அடிக்குள் தட்டையான திட்டோ மரக்கூட்டமோ இருக்க வேண்டும். அது மேய்ந்துகொண்டே நல்ல இடத்துக்கு வரும்வரை காத்திருங்கள், வராவிட்டால் நாளைக்குப் பாருங்கள். பசுமை அங்கேதான் இருக்கிறது, கரடியும் நாளைக்கு அங்கேதான் வரும்.

சாய்வில் சுடும்போது தோட்டா விழும் கணக்கு கிடைமட்டத் தூரத்துக்குத்தான். 300 கஜம், 40 டிகிரி சாய்வு என்றால் 230 கஜத்துக்குக் குறி வைக்க வேண்டும். 300 என்று நினைத்து வைத்தால் மேலே போய்விடும். கரடி பக்கவாட்டில் திரும்பி, உங்கள் பக்கத்து முன்காலை முன்னால் நீட்டும்போது, அந்தக் காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் உயரத்தில் நடுவில். நீண்ட ரோமத்தால் அடிவயிறு உண்மையில் இருப்பதைவிடக் கீழே தெரியும், ஏமாறாதீர்கள். மேலிருந்து சுடும்போது தோட்டா எந்த வழியாக வெளியே வரும் என்று யோசித்து நுழையும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கரடி விழாமல் நின்றுகொண்டிருக்கும்வரை சுடுங்கள், ஒரு தோட்டாவோடு நிறுத்திக்கொண்டு பெருமைப்பட வேண்டாம்.

எட்டாம் படி: விழுந்த பிறகு

அரை மணி காத்திருங்கள். ரத்தத் தடம் பெரும்பாலும் கிடைக்காது, கொழுப்பு காயத்தை அடைத்துவிடும், ரோமம் ரத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் கடைசியாகப் பார்த்த இடத்தைக் குறித்து வைப்பது அவ்வளவு முக்கியம். மேற்பக்கமிருந்து, துப்பாக்கி தயாராக, நெருங்குங்கள். நீண்ட குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இமை அசையாவிட்டால் முடிந்தது. டேக்கில் உடனே தேதியை வெட்டிக் குறித்துக் கட்டுங்கள்.

வேலை தொடங்கும் முன் கரடியைக் கயிற்றால் மேலே உள்ள மரத்திலோ பாறையிலோ கட்டுங்கள். பாதி உரித்த கரடி சரிவில் நழுவினால் உங்களையும் இழுத்துக்கொண்டு போகும். தாடைக்குக் கீழிருந்து வால் வரை ஒரே நேர்க்கோடு, நான்கு காலிலும் உட்புறமாகக் கோடு. பாதங்களையும் தலையையும் தோலோடு விட்டுவிடலாம். ஐடஹோவில் ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்பு தோலோடு ஒட்டியிருக்க வேண்டும், தவறி அறுத்துவிடாதீர்கள். தோலை எடுத்ததும் இறைச்சியைத் துணிப்பையில் போட்டு நிழலில், காற்றுப்படும் கிளையில் தொங்கவிடுங்கள். ஐடஹோ சட்டம் கரடி இறைச்சியை எடுத்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. என்னைக் கேட்டால், சாப்பிட விருப்பம் இல்லாதவர் கரடியைச் சுடவே வேண்டாம்.

நடுத்தரக் கரடி ஒன்றில் எலும்பு நீக்கிய இறைச்சி சுமார் 30 கிலோவும், தலையோடு தோல் 15 முதல் 20 கிலோவும் வரும். ஒரே நடையில் தூக்க முயலாதீர்கள். அந்தச் சரிவில் முதுகில் 50 கிலோவோடு கால் வழுக்கினால் நிறுத்த முடியாது. இரண்டு நடை, முடிந்தால் பகலில்.

பத்து நாட்களுக்குள் மண்டை ஓட்டையும் தோலையும் மாநில மீன், வனவிலங்குத் துறையிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். வயதைக் கணிக்க ஒரு சிறு முன்கடைவாய்ப் பல்லை எடுப்பார்கள். ஓரிகனிலும் இதே பத்து நாள்தான். தலையை உறைய வைக்காமல் கொண்டுபோங்கள், உறைந்து இறுகிய வாயைத் திறந்து பல் பிடுங்க முடியாது.

ஒன்பதாம் படி: அடுப்பு

கரடி இறைச்சியில் டிரிக்கினெல்லா என்ற புழு இருக்கலாம். உறைபெட்டியில் வைத்தால் செத்துவிடும் என்று பன்றி இறைச்சிக்குச் சொல்வது இங்கே பொருந்தாது, கரடியில் இருக்கும் சில வகைப் புழுக்கள் உறைகுளிரைத் தாங்கும். 2022-இல் ஒரு குடும்பக் கூடலில் 45 நாள் உறைய வைத்த கரடி இறைச்சியைச் சரியாக வேகாத கபாபாகச் சாப்பிட்டு ஆறு பேர் நோய்ப்பட்டார்கள். அதில் இருவர் இறைச்சியைத் தொடவே இல்லை, அதோடு சேர்ந்து வெந்த காய்கறியை மட்டும் சாப்பிட்டவர்கள். உப்புக்கண்டம் போடுவது, புகையில் வாட்டுவது, மைக்ரோவேவ் எதையும் நம்ப வேண்டாம். இறைச்சியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும், வெப்பமானி வைத்துப் பாருங்கள்.

நம் சமையலில் இது பிரச்சினையே இல்லை. வெளிக்கொழுப்பு முழுவதையும் சீவி எடுத்துவிட்டு, சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, இஞ்சி பூண்டு, மிளகு, மல்லி அரைத்துப் புரட்டி ஒரு இரவு வையுங்கள். குக்கரில் ஏழெட்டு விசில், பிறகு திறந்த சட்டியில் மிளகு வறுவல். புல் மேய்ந்த வசந்தகாலக் கரடியில் வாடை குறைவு, மாட்டிறைச்சிக்கும் பன்றிக்கும் நடுவே ஒரு ருசி. சீவி வைத்த கொழுப்பைச் சிறுதீயில் உருக்கி வடிகட்டினால் வெள்ளை வெளேரென்று நெய்போல உறையும். ஜாடியில் தேதியையும் ஓடையின் பெயரையும் எழுதி உறைபெட்டியில் வையுங்கள். என் பூட்ஸ் தோலுக்கும் அடுத்த ஏப்ரல் வரை அதுதான்.